குழம்பு, கூட்டு, கொஞ்சம் இங்கிலீஷ்

மாட்டுங்காவில் யார் வீட்டிலாவது "இன்னிக்கு என்ன கறி?" என்று கேட்டால் வாழைக்காய், உருளைக்கிழங்கு, சேனை என்று பதில் வரும். எண்ணெய் விட்டு வதக்கிய காய்தான் அங்கே கறி. அதே கேள்வியைத் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் கேட்டுப் பாருங்கள். ஆடு. வேறு பேச்சே கிடையாது. இரண்டு இடத்துக்கும் நடுவே பஸ்ஸில் கால் மணி நேரம் (டிராஃபிக் இல்லாத மும்பை என்று ஒன்று இருந்தால்!). இந்தச் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் கையோடு எடுத்துப்போய் மூன்றாவதாக ஒரு அர்த்தம் கொடுத்தான். மசாலாவும் சாறுமாக எது இருந்தாலும் அவனுக்கு 'கர்ரி'.

ஆபீஸில் ஆணி குறைவான நாட்களில் அசை போடுகிற சமாச்சாரமாகத்தான் எனக்கு இது இருந்தது, போன மாதம் அண்ணாச்சி மெனு கார்டோடு வரும்வரை.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலி பக்கம். அப்பா காலத்தில் தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவி வந்த குடும்பம். இவர் தோல் பக்கம் போகாமல் மெஸ் வைத்தார். பதினாலு பேர் உட்காரலாம், பதினைந்தாவது ஆள் வந்தால் அண்ணாச்சி எழுந்துகொள்வார். மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ், கண்ணாடிக் கட்டடங்களாக நிற்கிறது. அங்கிருக்கும் ஆபீஸ்காரர்களுக்கு ஆப் வழியாகச் சாப்பாடு அனுப்பலாம் என்று மகன் கிளம்பிவிட்டான்.

"சார், பையன் மெனுவ போன்ல குடுத்து இங்கிலீஷ் ஆக்கிருக்கான். நீங்க ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"இப்ப என்ன அண்ணாச்சி அவசரம்? மறுசீரமைப்பு வருது, கடையே எங்க போகப் போறதோ?"

"அதுக்குத்தான் சார். கடை எங்க போவும்னு எனக்கே தெரியாது. போன்ல இருக்குற கடை எங்கயும் போவாதுல்லா?"

2022-இல் தாராவி டெண்டர் முடிந்ததிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் பேசியதில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால்... பருப்பு உருண்டைக் குழம்புக்கு 'லென்ட்டில் பால் கன்ஃப்யூஷன்' என்று இருந்தது. குழம்பு என்பதை 'நீ குழம்பு' என்று எடுத்துக்கொண்டிருக்கிறது அந்த யந்திரம். கூட்டு, 'அலையன்ஸ்' ஆகியிருந்தது. தேர்தல் நேரம் போல. கொத்து பரோட்டா, 'பன்ச் ஆஃப் பரோட்டா'. கொத்தமல்லி மாதிரி கட்டிக் கொடுப்பார்களோ என்னவோ :-) தங்கமணி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பெண்ணுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று முதலில் புரியவில்லை. பத்தாவது படிக்கிறாள், தமிழ் பேசுவாள், எழுத்து கூட்டித்தான் படிப்பாள். "குழம்புன்னா கன்ஃப்யூஸ் ஆகறதுன்னும் அர்த்தமாப்பா?" என்றாள். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய தப்பு பரவாயில்லை, அதைப் பார்த்து எவனும் ஆர்டர் பண்ண மாட்டான். என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. கறி தோசைக்கு 'கர்ரி தோசா' என்று போட்டிருந்தது. ஆங்கிலம் சுத்தம், ஒரு குறையும் இல்லை. ஆனால் அண்ணாச்சி கடைக் கறி தோசையில் இருப்பது கொத்துக்கறி, ஆட்டுக்கறி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதோ பாரத் டைமண்ட் போர்ஸ். வைர வியாபாரிகள், அதில் குஜராத்தி ஜைனர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு, வெங்காயம்கூடத் தொடாத வீடுகள். பழுப்பு முக்கோணக் குறி இருக்கும், சரி. பசி நேரத்தில் போனில் விரலைத் தள்ளிக்கொண்டு போகிறவன் கண்ணில் முதலில் படுவது எழுத்தா, முக்கோணமா?

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. முருங்கைக்காய் சாம்பார், 'டிரம்ஸ்டிக் சாம்பார்'. நமக்கு இயல்பான இங்கிலீஷ்தான். நம் ஊரைத் தாண்டினால் டிரம்ஸ்டிக் என்பது கோழிக்கால். சைவம் சாப்பிட என்றே தென்னிந்திய ஹோட்டல் தேடி வருகிற வெளிநாட்டுக்காரர் அந்த வரியைப் பார்த்து எழுந்து போனால் குற்றம் அவர் மேல் இல்லை. இதில் வேடிக்கை, அந்த மரத்தின் தாவரவியல் பெயரான மொரிங்காவே நம் முருங்கையிலிருந்து போனதுதான். அவர்கள் மொரிங்கா பொடி என்று டப்பாவில் வாங்கிக் கரைத்துக் குடிக்கிறார்கள். நாம்தான் கோழிக்கால் என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். லேடீஸ் ஃபிங்கரும் இதே கதை. வெண்டைக்காய் என்று நாம் நினைத்துச் சொன்னால், பிஸ்கெட் மாதிரி ஒரு கேக் சமாச்சாரம் அவர்கள் நினைவுக்கு வரும்.

நான் பி.காம். படித்தவன், இலக்கியம் தெரியாது. ஆனால் வங்கியில் ஏற்றுமதி இறக்குமதிப் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவனுக்கு ஒரு பாடம் மட்டும் மண்டையில் ஏறிவிடும். எல்.சி. என்கிற கடன் பத்திரத்துக்கு உலகம் முழுக்க ஒரே சட்டபுத்தகம், யு.சி.பி. 600. பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை போட்டது, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஐந்தாவது விதி, வங்கி காகிதத்தோடுதான் விவகாரம் வைத்துக்கொள்கிறது, சரக்கோடு அல்ல என்கிறது. பதினெட்டாவது விதி, இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் சொன்னதோடு பொருந்த வேண்டும் என்கிறது. மூட்டையைப் பிரித்து மிளகா மல்லியா என்று நான் முகர்ந்து பார்க்கப் போவதில்லை. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எனக்குச் சரக்கு.

ஆப்பில் ஆர்டர் பண்ணுகிறவன் நிலைமையும் இதுதானே! கடைக்கு வந்து உட்கார்ந்தால் பக்கத்து இலையைப் பார்ப்பான், வாசனை வரும், "அது என்ன அண்ணாச்சி?" என்று கேட்பான். போனில் அவனுக்குக் கிடைப்பது ஒரு பெயரும் ஒன்றரை வரி விவரமும். ஆகவே பெயர் பெயராகவே இருக்கட்டும், விவரம் மட்டும் உள்ளே இருக்கிற சரக்கோடு பொருந்தட்டும் என்று தீர்மானம் பண்ணினேன்.

பெயரைப் பெயராக விடலாம் என்ற தைரியம் மாட்டுங்காவைப் பார்த்து வந்தது. கஃபே மெட்ராஸ் 1940-இல் ஆரம்பித்தது. ஸ்டேஷன் வாசலில் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-இல். இட்லியை 'ஸ்டீம்டு ரைஸ் கேக்' என்று விளக்கியா இந்த ஊருக்குப் பழக்கினார்கள்? இட்லி என்றார்கள், ஊர் கற்றுக்கொண்டது. விடிவதற்குள் தாராவியிலிருந்து கிளம்பும் இட்லி சைக்கிள்களும் ஹாரனை அமுக்கிக்கொண்டு அதே வேலையைத்தான் செய்கின்றன. இன்றைக்கு முலுண்டில் இருக்கும் குஜராத்தி மாமாவுக்கு மெதுவடைக்கும் மசால் வடைக்கும் வித்தியாசம் தெரியும். 2017-இல் ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே 'வடா' ஏறிவிட்டது. அதற்கப்புறமும் 'சேவரி டோநட்' என்று அச்சடிக்கிறவர்களை என்ன செய்வது? டோநட்டுக்கும் வடைக்கும் பொது, நடுவில் இருக்கும் ஓட்டை மட்டும்தான்.

ஹாலந்தில் ஐந்தோவனில் இருக்கும் சித்தப்பா பையனுக்கு இதையெல்லாம் எழுதினேன். அவன் அங்கே இதைவிட அதிகம் பட்டிருக்கிறான். 'பிட்டர்பாலன்' என்று ஒரு பலகாரம். வார்த்தைக்கு வார்த்தை போனால் கசப்பு உருண்டை. ஒரு கசப்பும் இல்லை. இறைச்சிக் குழைவை உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் பொரிப்பது. 'பிட்டர்' என்ற மதுவுக்குத் தொட்டுக்கொள்ள வந்ததால் அந்தப் பெயர். இன்னொன்று 'அவுட்ஸ்மைட்டர்'. அகராதியில் பார்த்தால், பாரில் குடித்துவிட்டுத் தகராறு பண்ணுகிறவனை வெளியே தள்ளும் ஆள். தட்டில் வருவது ரொட்டி மேல் பன்றி இறைச்சியும் பொரித்த முட்டையும். எல்லாவற்றுக்கும் மேல் 'ஃபிலே அமெரிக்கன்'. பெயரைப் பார்த்து ஏதோ வறுத்த மீன் துண்டு என்று ஒருவர் நினைக்கலாம். அது வேகவே வைக்காத மாட்டிறைச்சி, அரைத்து ரொட்டியில் தடவித் தருவது. நம் பையன் முட்டைகூடச் சாப்பிடாதவன். போய்ச் சேர்ந்த முதல் மாதம் முழுக்கப் பழமும் தயிரும்தானாம்.

டச்சுக்காரர்கள் என்றதும் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். யான் ஹூய்கன் வான் லின்ஸ்கோட்டன் என்று ஒரு மனிதர் (மூச்சு வாங்குகிறது). 1583-இல் கோவாவுக்கு வந்து, அங்கே ஆர்ச்பிஷப்பிடம் எழுத்தர் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி 1596-இல் டச்சு மொழியில் ஒரு பயணப் புத்தகம் போட்டார். 1598-இல் லண்டனில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. இங்கத்தி ஆட்கள் மீனை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று அதில் ஓர் இடம் வரும். சாற்றில் வேகவைத்துச் சோற்றின் மேல் ஊற்றிக்கொள்கிறார்கள், கொஞ்சம் புளிக்கிறது, கூஸ்பெரியோ பழுக்காத திராட்சையோ போட்டு வேகவைத்த மாதிரி, ஆனால் ருசி நன்றாகவே இருக்கிறது, பெயர் 'காரியெல்', தினப்படி சாப்பாடே அதுதான் என்கிறார். புளியைப் பார்த்திராத ஊர்க்காரனுக்கு மீன் குழம்பை இதைவிட நேர்மையாக எப்படிச் சொல்வது? உள்ளூர்ப் பெயரை மாற்றவில்லை, எதன் மேல் ஊற்றுவது என்று சொல்லிவிட்டார், நாக்கில் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு மாதிரி கார்டு கிடைத்துவிட்டது.

ஆங்கிலேயர்கள் பிற்பாடு செய்தது இதற்குத் தலைகீழ். மிளகுத் தண்ணியை 'முல்லிகடானி' என்று பெயரைக் கொண்டுபோய், உள்ளே இறைச்சி, ஆப்பிள், மாவு என்று எதையெதையோ போட்டுக் கெட்டி சூப்பாக்கிவிட்டார்கள். லேபிள் நம்முடையது, சரக்கு வேறு. என் மேஜைக்கு அப்படி ஒரு பில் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

சரி, அண்ணாச்சி மெனு. முதல் சுற்றில் நாற்பது ஐட்டத்தில் முப்பது சுலபமாக முடிந்தது. முட்டிக்கொண்டது சட்னியில்.

"வெள்ளைச் சட்னி தேங்காய்தானே அண்ணாச்சி?"

"தேங்காதான் சார்." சற்று இழுத்தார். "விக்கிற விலையில முழுத் தேங்காய்க்கு எங்க போக? பாதி வேர்க்கடலைதான் அரைக்கோம்."

"அப்ப வேர்க்கடலைன்னும் போடணும்."

"அதையுமா சார் போட? தேங்காச் சட்னின்னா ஒரு மதிப்பு. கடலைன்னு எழுதுனா கலப்படம்னுல்லா நெனைப்பாவ!"

அவர் பயம் நியாயம்தான். சட்டமும் அவர் பக்கம். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை மெனுவில் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கொண்டுவந்த விதி, பத்துக் கிளையோ அதற்கு மேலோ உள்ள பெரிய கடைகளைக் குறிவைத்தது. பதினாலு நாற்காலிக்காரரை யாரும் கேட்கப்போவதில்லை.

அப்போதுதான் அவருக்கு எங்கள் ஆபீஸ் கதையைச் சொன்னேன். சில வருஷம் முன்னால், லண்டனிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வேலை விஷயமாக வந்திருந்தார், பெண்மணி. அவருக்கு சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்க ஆரம்பிக்கும். மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்க விலக்கி வைப்பது ஒன்றே வழி. அரிசி சாப்பிடலாம். தென்னிந்தியச் சாப்பாடு என்றால் அரிசிதானே என்று எங்கள் ஆட்கள் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனார்கள் (எது என்பது வேண்டாம்). நான் அன்று ஊரில் இல்லை. அந்த அம்மாள் கார்டைக் கவனமாகப் படித்திருக்கிறார். சாதா தோசைக்கு நேரே 'இந்தியன் பான்கேக்' என்று இருந்தது. பான்கேக் என்றால் அவர் ஊரில் கோதுமை மாவு, ஆகவே வேண்டாம். ரவா தோசைக்கு நேரே 'கிறிஸ்பி ரைஸ் கிரேப்'. ரைஸ் என்று போட்டிருக்கிறதே, அதையே கொண்டுவரச் சொன்னார்.

ரவை என்பது கோதுமை. நமக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருக்கு யார் சொல்வது? அரிசியும் உளுந்துமான சாதா தோசையை ஒதுக்கிவிட்டு, கார்டை நம்பி, கோதுமையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இரண்டு நாள் ஹோட்டல் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. மூன்றாம் நாள் முகம் வெளிறிப் போய் வந்து, வேலையை முடித்துக்கொண்டு விமானம் ஏறினார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கார்டில் ஆங்கிலம் அழகாகத்தான் இருந்ததாம்.

(அவர் சாதா தோசையையே கேட்டிருந்தாலும் சாம்பாரில் சிக்கல் இருந்திருக்கலாம். உங்கள் வீட்டுக் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பல கம்பெனிக்காரர்கள் அதில் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கிறார்கள், பொடி எழுத்தில் இருக்கும்.)

வேர்க்கடலை இன்னும் மோசம், சிலருக்கு நிமிஷக் கணக்கில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றேன். அண்ணாச்சி கல்லாவில் சில்லறையை எடுத்து எடுத்து அடுக்கினார். பிறகு, "என் கடைச் சோத்தைத் தின்னுட்டு ஒருத்தன் படுத்தாம்னு பேரு வரப்படாது சார். போட்டுருங்க" என்றார். உள்ளே திரும்பி, "ஏல, அல்வாவுல கோதும இருக்குன்னு எழுதுனியா?" என்று மகனை ஒரு சத்தம் போட்டார். எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. மும்பையில் ஹல்வா என்றால் காரட், மாஹிம் என்று ஆளுக்கொன்று நினைப்பார்கள். திருநெல்வேலி அல்வா கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்துக் கிண்டுவது என்று எழுதினால்தானே தெரியும்.

அதற்கப்புறம் அவரே கடை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் என்ன போடுகிறார் என்று சொல்லச் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொண்டேன். முதலில் தமிழில் எழுதிவிட்டால் இங்கிலீஷ் தானாக வருகிறது. கறி தோசை 'மட்டன் கறி தோசை' ஆனது. முருங்கைக்காய்க்கு 'மொரிங்கா பாட்ஸ்'. கொத்து பரோட்டா பெயர் மாறாமல், கீழே மைதா பரோட்டாவைக் கல்லில் முட்டையோடும் சால்னாவோடும் கொத்தியது என்று விவரம். 'சால்னாவுக்கு என்ன?' என்று கேட்காதீர்கள், சால்னா என்றே விட்டுவிட்டேன், பி.கே.சி. கற்றுக்கொள்ளட்டும்.

சொதியைப் பற்றி தஞ்சாவூர்க்காரனான எனக்கே அண்ணாச்சிதான் சொல்லித்தர வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து, பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலில். யந்திரம் அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் 'சொதி' என்றே விட்டிருந்தது, பாவம். என் பெண் அதற்கு எழுதிய ஆங்கிலத்தைத்தான் அப்படியே போட்டேன்: "திருநெல்வேலி கல்யாணத்துக்கு அடுத்த நாள் சாப்பாடு. காய்கறி, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால். காரம் இல்லை, சோற்றில் ஊற்றிச் சாப்பிடவும்." எழுதி முடித்துவிட்டு, "நம்ம வீட்ல ஏம்ப்பா பண்றதில்ல?" என்று வேறு கேட்டாள். தங்கமணி என்னைப் பார்த்தாள், நான் பேப்பரைப் பார்த்தேன் :-)

பாக்கி இருப்பது கூட்டு ஒன்றுதான். பருப்பும் காயும் என்று எழுதினால் சாம்பாருக்கும் அதே விவரம் வந்துவிடுகிறது. கெட்டி என்றால் 'திக்', உடனே சூப் ஞாபகம். 'ஸ்ட்யூ' என்றால் பக்கத்துக் கேரளக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். புளி இல்லை, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டது, சோற்றில் பிசையலாம், தொட்டும் கொள்ளலாம். இத்தனையும் ஒன்றரை வரிக்குள் அடங்க வேண்டும். வெள்ளிக்கிழமை அண்ணாச்சி கார்டை அச்சுக்குக் கொடுக்கிறார். உங்களில் யாராவது துபாயிலோ டொராண்டோவிலோ பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூட்டை விளக்கி ஜெயித்திருந்தால், என்ன சொன்னீர்கள் என்று வியாழன் ராத்திரிக்குள் எனக்கு எழுதுங்கள். அவர் சாப்பிட்டாரா என்பதையும் சேர்த்து.